அவன் வெட்டலைங்கய்யா, நின்னான்

நான் மாவட்ட நீதிபதியாக இருந்தபோது ஒரு கொலை வழக்கில் ஏ5-க்கு, அதாவது ஐந்தாவதாகக் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு, ஜாமீன் கொடுத்தது சரிதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மீதியைப் படிக்கும்போது நானே அதைச் சந்தேகப்படுவது போலத் தோன்றலாம். அந்த உத்தரவை இன்றைக்கு எழுதச் சொன்னாலும் அப்படியேதான் எழுதுவேன். எழுதுவதற்கு முன்னால், புகார்தாரரான, இறந்துபோன பையனின் அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டேன், அதைக் கேட்டிருக்க வேண்டுமா என்பதில்தான் எனக்கு இன்னும் தெளிவில்லை.

ஏழு எதிரிகள், குற்றம் சாட்டப்பட்டவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். இந்திய தண்டனைச் சட்டம் 147, 148, 302 உடன் 149: கலவரம், ஆயுதத்தோடு கலவரம், கொலை, சட்டவிரோதக் கூட்டத்தில் சேர்ந்த எல்லோருக்கும் கூட்டுப் பொறுப்பு. ஏ1 குண்டர் சட்டத்தில் உள்ளே இருந்தான். ஏ6, ஏ7 இருவருக்கும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஜாமீன் ஆகிவிட்டது. ஏ5-க்கு வயது 21, முன்வழக்கு எதுவும் இல்லை, எஃப்.ஐ.ஆரில் அவனைப் பற்றி இருந்தது தெருமுனையில் பைக்கோடு நின்றுகொண்டிருந்தான் என்ற ஒரே வரி. சிறையில் அறுபது நாள் தாண்டிவிட்டது, குற்றப்பத்திரிகை வரவில்லை. எதிரி தரப்பு வழக்கறிஞர் எதிர்பார்த்தபடியே ஏ6, ஏ7-ஐக் காட்டி இவனுக்கும் அதே நிலைதான் என்றார். அரசு வழக்கறிஞர், புகார்தாரரும் எதிரியும் ஒரே தெரு, சாட்சியைக் கலைத்துவிடுவான் என்றார். இரண்டும் நியாயமான வாதம், இரண்டையும் வாரத்துக்குப் பத்து தடவை கேட்கிறவன் நான்.

கேஸ் டைரியில் இருந்த மாதிரி வரைபடத்தைப் பார்த்தேன். ஆய்வாளர் கையால் போட்டது, அளவெல்லாம் சரியாக இருக்காது. தெருவின் ஒரு பக்கம் இறந்துபோன பையனின் வீடு, அங்கேதான் சம்பவ இடம் என்று சிவப்புப் பேனாவில் பெருக்கல் குறி. எதிர் வரிசையில் நாலு வீடு தள்ளி ஏ5-இன் வீடு. அதற்கு அடுத்து ஒரு சின்ன வட்டம் போட்டு 'பொதுக்குழாய்' என்று எழுதியிருந்தது. அந்த வட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா தண்ணீர் பிடிக்கப் போனால் அவன் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். வாதத்தில் இதை யாரும் சொல்லவில்லை.

உண்மையைச் சொன்னால், அந்த நிமிடத்தில் குற்றப்பத்திரிகை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் மனதில் இருந்தது. தள்ளுபடி செய்தால் அவன் மதுரைக்குப் போவான், அங்கே கிடைக்கும், அல்லது போலீஸ் தொண்ணூறு நாளுக்குள் குற்றப்பத்திரிகை போடாவிட்டால் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 167(2)-இல் தானாக வெளியே வருவான், அப்போது பொதுக்குழாயையும் யாரும் பார்க்கப்போவதில்லை, அந்த அம்மாவையும் யாரும் கேட்கப்போவதில்லை. எப்படிப் பார்த்தாலும் அவன் வெளியே வருகிற தேதிதான் கேள்வி. இப்படி யோசிப்பதை நான் நியாயம் என்று சொல்லமாட்டேன், மேல்நீதிமன்றம் கொடுத்துவிடும் என்பதற்காகக் கீழே கொடுப்பதும், மேலே பார்த்துக்கொள்ளட்டும் என்று கீழே மறுப்பதும் ஒரே பழக்கத்தின் இரண்டு பக்கம்தான்.

அந்த அம்மா அரசு வழக்கறிஞருக்குப் பின்னால் நின்றிருந்தார். உத்தரப் பிரதேசத்தில் விவசாயிகள் மீது வாகனம் ஏறிய லக்கிம்பூர் கேரி வழக்கில் உயர் நீதிமன்றம் கொடுத்த ஜாமீனை 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது, பாதிக்கப்பட்டவர்களை ஒழுங்காகக் கேட்கவில்லை என்பதும் ஒரு காரணம், எந்தக் கட்டத்திலும் கேட்கப்படுகிற உரிமை அவர்களுக்கு உண்டு என்று சொன்ன தீர்ப்பு அது. எங்களுக்கெல்லாம் அது புதிதாக மனதில் இருந்த நேரம். அந்த அம்மாவுக்கென்று தனி வழக்கறிஞர் இல்லை. அதனால் நானே கேட்டேன்.

"அம்மா, இந்தப் பையனை ஜாமீன்ல விடச் சொல்லிக் கேக்கறாங்க. நீங்க ஏதாவது சொல்லணுமா?"

கையில் எஃப்.ஐ.ஆர் நகலை எட்டாக மடித்து வைத்திருந்தார். அதைப் பிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்:

"அவன் வெட்டலைங்கய்யா, நின்னான். அவங்க வந்ததை அவன் பாத்தான். ஒரு சத்தம் குடுத்திருந்தா எம்புள்ள கதவைச் சாத்தியிருப்பான்."

அவ்வளவுதான். வெளியே விடாதீங்க என்று கேட்கவில்லை. அரசு வழக்கறிஞர் திரும்பி அவரைப் பார்த்தார், அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. எதிரி தரப்பு வழக்கறிஞர் வழக்குக் கட்டின் ஓரத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். மதியத்துக்கு மேல் உத்தரவு என்று சொல்லிவிட்டு அடுத்த மனுவை எடுத்தேன்.

அந்த மூன்று வாக்கியங்களையும் எத்தனையோ விதமாகப் புரட்டிப் பார்த்துவிட்டேன். முதல் வாக்கியம் அவனுக்குச் சாதகம். இரண்டாவதும் மூன்றாவதும் அவனுக்குப் பாதகம், 149-ஐச் சட்டக் கல்லூரியில் பக்கம் பக்கமாகப் படித்தும் எனக்கு வராத தெளிவோடு அந்த அம்மா அதை விளக்கிவிட்டார். கூட நின்றவனும் சேர்ந்தவன்தான், நின்றதே குற்றத்தின் ஒரு பகுதி. ஆனால் அது விசாரணை முடிந்து தீர்ப்பில் பார்க்க வேண்டியது. ஜாமீன் கட்டத்தில் நான் பார்க்க வேண்டியவை வேறு: ஓடிப்போவானா, சாட்சியைத் தொடுவானா, மறுபடி குற்றம் செய்வானா, குற்றத்தின் கடுமை என்ன, அதில் இவன் பங்கு என்ன. கடைசிக் கேள்விக்குத்தான் அவர் பதில் சொன்னார், தன் பிள்ளையைக் கொன்ற கூட்டத்தில் ஒருவனைப் பற்றி, எங்கேயும் கூட்டாமல் குறைக்காமல்.

அந்த நேர்மைதான் என்னை ஜாமீன் பக்கம் தள்ளியது. நான் உத்தரவில் எழுதியது இது இல்லை. முதல் தகவல் அறிக்கையில் இவர் மீது குறிப்பான வெட்டுச் செயல் எதுவும் கூறப்படாததாலும், சக எதிரிகளுக்கு உயர் நீதிமன்றம் பிணை வழங்கியிருப்பதாலும், சிறையில் இருந்த காலத்தைக் கருதியும் என்று எழுதினேன். அத்தனையும் உண்மை. அந்த அம்மா வாயே திறக்காமல் இருந்திருந்தாலும் அந்த வரிகள் அப்படியேதான் நின்றிருக்கும். ஆனால் அவர் பேசாமல் இருந்திருந்தால் நான் அந்த உத்தரவை அன்றைக்கு எழுதியிருப்பேனா? மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அப்படியானால் நான் எழுதிய காரணமும் என்னை அசைத்த காரணமும் ஒன்றா?

அவர் சொன்னதைப் பதிவு செய்யாமல் விட்டதற்குக் காரணம் உண்டு. அது சத்தியப் பிரமாணத்தின் மீது சொன்னது கிடையாது. உத்தரவில் ஏற்றியிருந்தால் குறுக்கு விசாரணையில் அதை எடுத்து வைத்து அவரைப் பிய்த்திருப்பார்கள், கண்ணால் பார்த்த ஒரே உறுதியான சாட்சி அவர்தான். ஜாமீன் உத்தரவில் சாட்சியத்தை விரிவாக அலசக் கூடாது, ஆனால் காரணம் சொல்லாமலும் விடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற இடம் மிகவும் குறுகல், அதில் எத்தனையோ பேரை நாங்கள் தினமும் நடத்திக் கொண்டுபோகிறோம். அவரைக் காப்பாற்றத்தான் எழுதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். எழுதாமல் விட்டதில் எனக்கும் ஒரு வசதி இருந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

நிபந்தனை போட்டேன். திருச்சியில் தங்க வேண்டும், மறு உத்தரவு வரும் வரை தினமும் காலை 10.30-க்கு அங்கே ஸ்டேஷனில் கையெழுத்து, இரண்டு ஜாமீன்தாரர்களில் ஒருவர் ரத்த உறவு, சாட்சிகளை எந்த வகையிலும் அணுகக் கூடாது. வெளியூரில் கையெழுத்து போட வைப்பதிலும் ஆபத்து இருக்கிறது. நம் மாநிலத்தில் கண்டிஷன் கையெழுத்து போட வருகிறவனுக்காக எதிர்க்கோஷ்டி காத்திருந்து வெட்டிய சம்பவங்கள் உண்டு, தினமும் ஒரே நேரத்துக்கு ஒரே இடத்துக்கு வருகிறவன் அகப்படுவது சுலபம். அதையும் யோசித்தேன். இருந்தாலும் அந்தப் பொதுக்குழாய் என் கண்ணை விட்டுப் போகவில்லை, அதனால்தான் திருச்சி.

மதியம் உத்தரவை வாசித்த பிறகு அந்த அம்மா போகவில்லை. அரசு வழக்கறிஞர் ஏதோ விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் எழப்போகிற நேரத்தில் குரலை உயர்த்தாமல் கேட்டார்:

"அவன் எங்க இருக்கணும்னு எழுதிட்டீங்க. நான் எங்கய்யா இருக்கிறது?"

நான், "அம்மா, உங்களுக்கு ஏதாவது பயம் இருந்தா மனு குடுங்க, பாதுகாப்புக்கு ஏற்பாடு இருக்கு" என்றேன். பொய் இல்லை. 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்று நடைமுறைக்குக் கொண்டுவந்த சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது, மாவட்டத்தில் அதற்கான குழுவுக்குத் தலைவரே மாவட்ட நீதிபதிதான், அதாவது நானேதான். டி.எஸ்.பி. அச்சுறுத்தல் அறிக்கை கொடுப்பார், அதை வைத்து உத்தரவிடலாம். மனு எழுத உதவி செய்யுங்கள் என்று அரசு வழக்கறிஞரிடமும் சொன்னேன்.

மனு வரவில்லை. பிறகு விசாரித்தபோது, மனு போட்டால் போட்டது தெருவுக்கே தெரிந்துவிடும் என்று அவர் சொன்னதாகத் தகவல். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மனு இல்லாமல் நானாக ஏதாவது செய்திருக்க முடியுமா என்றால், திட்டத்தில் விண்ணப்பம் வேண்டும், ஆனால் எஸ்.பி.யிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவருக்கு அது இன்னும் கூடுதல் தொல்லையாகவும் ஆகியிருக்கலாம்.

சில வாரத்தில் நிபந்தனைத் தளர்வு கேட்டு வந்தான். நான் மறுத்தேன். அப்புறம் எனக்கு மாறுதல் வந்துவிட்டது. எனக்குப் பின் வந்தவர் தளர்த்தினார், அதில் நான் குறை சொல்ல எதுவும் இல்லை, ஒருவனைக் காலம் முழுக்க ஊருக்கு வெளியே வைக்க முடியாது, அவனுக்கும் ஒரு தாய் அதே தெருவில் இருந்தாள். விசாரணை முடிந்ததை அந்த அரசு வழக்கறிஞர் ஒரு திருமணத்தில் பார்த்தபோது சொன்னார். அக்கம்பக்கத்துச் சாட்சிகள் இரண்டு பேர் முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லிப் பிறழ்ந்துவிட்டார்கள். ஏ5 கலைத்தானா என்றேன். தெரியாது சார், அவங்க பயந்தது ஏ1-க்கு, அவன் அப்போ உள்ளேதான இருந்தான் என்றார். இதை என் பக்கம் சேர்த்துக்கொள்ளலாம்: வெளியே விட்டவனால் வரவில்லை, உள்ளே வைத்தவனால் வந்தது. ஆனால் ஏ5 தெருவில் நடமாடுவதைப் பார்த்துத்தான் அவர்கள் ஏ1-ஐ நினைத்தார்களோ என்னவோ.

அந்த அம்மா பிறழவில்லை. குறுக்கு விசாரணையில் ஏ5-ஐப் பற்றிக் கேட்டபோது, வெட்டலை, நின்னான் என்றாராம். என்னிடம் சொன்ன அதே சொற்கள். அவர் கூண்டில் ஏறுவதற்கு முன்பே அந்தத் தெருவைக் காலி செய்துவிட்டு வேறு ஊரில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார் என்பதையும் அரசு வழக்கறிஞர்தான் சொன்னார்.

ஜாமீன்தான் விதி, சிறை விலக்கு என்ற கருத்தை 1977-இல் நீதிபதி கிருஷ்ணய்யர் சொல்லி வைத்தார், அதை நான் நம்புகிறேன். நம் நாட்டுச் சிறைகளில் நான்கில் மூன்று பங்கு பேர் தீர்ப்பு ஆகாதவர்கள், அந்த 21 வயதுக்காரனையும் அந்தக் கூட்டத்தில் ஒருவனாக உட்கார வைக்க எனக்கு மனம் இல்லை. இதில் மாற்றமே கிடையாது. அந்த அம்மாவின் கேள்விக்கு இந்த நம்பிக்கை பதில் ஆகவில்லை, அதுதான் கஷ்டம்.

பிறகு வந்த வழக்குகளில் புகார்தாரரிடம் வாய்மொழியாகக் கேட்பதைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்த்தேன். அரசு வழக்கறிஞர் மூலமாக எழுத்தில் கொடுங்கள் என்றேன். எழுத்தில் வந்ததெல்லாம் ஒரே மாதிரி இருந்தது, வெளியே விட்டால் உயிருக்கு ஆபத்து என்று, யாரோ தட்டச்சு செய்த வரிகள். எதுவும் என்னை எந்தப் பக்கமும் அசைக்கவில்லை. மறுபடி நேரில் கேட்க ஆரம்பித்தேன்.

இப்போது புதிதாகச் சேர்கிற மாஜிஸ்திரேட்டுகளுக்கு எப்போதாவது வகுப்பு எடுக்கப் போகிறேன். புதிய சட்டத்தில் பிரிவு எண்கள் மாறிவிட்டன, ஜாமீனுக்கான 439 இப்போது 483, அவர்களுக்கு அதெல்லாம் விரல் நுனியில் இருக்கிறது. பாதிக்கப்பட்டவரை நேரடியாகப் பேச விடலாமா சார் என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். விடுங்கள், கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன். இந்த வழக்கை மட்டும் சொல்வதில்லை, சொன்னால் அவர்கள் கேட்காமலே இருந்துவிடுவார்களோ என்று.