வெளுத்த மூளை, சிவந்த மூளை

மூளைக்குள் மருந்து எவ்வளவு போனது என்று அளந்த கணக்கிலிருந்து, ரத்தம் தங்கிச் சிவந்த மூளைகளை விலக்கியிருந்தோம். “அண்ணா, இது மட்டும் ஏன் லிஸ்ட்ல இருக்கு?” என்று ஒன்றைக் காட்டி ஜூனியர் கேட்டாள். “ரத்தம் இருந்திருந்தா வேல்யூ கூடியிருக்குமே, இது குறைவாத்தானே வந்திருக்கு” என்றேன். அவள் வாதாடவில்லை. அந்தப் பதில்தான் இன்னும் உறுத்துகிறது.

மஞ்சளிலுள்ள குர்குமினை மூளைக்குள் அனுப்ப மாரடித்தவர்களுக்கு இந்த வேலை தெரியும். தண்ணீரில் கரையாது, குடலும் கல்லீரலும் சீக்கிரமே உருமாற்றி வெளியேற்றிவிடும், தப்பித்து ரத்தத்தில் மிஞ்சுவதற்கும் மூளை நுண்குழாய்ச் சுவர் லேசில் வழிவிடாது. அதனால் பிஎல்ஜிஏ என்ற, உடலில் சிதையும் பாலிமரால் ஆன நானோ துகளுக்குள் அடைத்து, மேலே பாலிசார்பேட் 80 என்ற சோப்பு மாதிரியான பொருளைப் பூசினோம். ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்க உதவும் அப்போலிப்போபுரோட்டீன்-இ என்ற புரதம் அந்தப் பூச்சில் ஒட்டிக்கொள்ளும், சுவர் செல்கள் துகளைக் கொழுப்புப் புரதம் என்றெண்ணி உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பது யோர்க் க்ரோய்ட்டர் குழுவின் விளக்கம். 1995-லேயே டாலர்ஜின் என்ற பெப்டைட் மருந்தை இப்படிப் பூசிய துகளில் ஏற்றிச் சுண்டெலியின் மூளைக்கு அனுப்பியவர்கள் அவர்கள்.

போனதை அளப்பதில்தான் சிக்கல். மூளையை எடுக்குமுன் இதயம் வழியாகச் சலைன் விட்டு ரத்தத்தைக் கழுவ வேண்டும். நன்றாகக் கழுவினால் மூளை வெளுத்துவிடும். ஊசி நழுவினால் சிவப்பாகவே வரும். குழாய்க்குள் கிடக்கும் குர்குமினையும் தாண்டிப்போன குர்குமினையும் ஹெச்பிஎல்சி (பொருள்களைப் பிரித்து அளக்கும் மெஷின்) வரைபடத்தில் ஒரே பீக்காகத்தான் காட்டும்.

சிவந்த மூளைகளை விலக்கலாம் என்று நான்தான் சொன்னேன். “அதெல்லாம் எடுத்துட்டா என்னப்பா மிஞ்சும்?” என்றார் மேடம். விலக்கியதும், வெறும் குர்குமினுக்கும் துகளுக்கும் இருந்த இடைவெளி சுருங்கியது. ஜூனியரின் பேப்பர் நின்றது. குர்குமின் சோதனைகளையே ஏமாற்றும் என்று 2017-ல் ஒரு விரிவான கட்டுரை வந்த பிறகு, இந்தக் கறார் இல்லாமல் முடியாது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

ஆனால் நான் அப்படிச் சொன்னது எண்கள் வந்த பிறகு. நோட்டில் ‘லேசான சிவப்பு’ என்று நானே எழுதிய ஒன்று, துகள் கொடுத்த குழுவில், குறைந்த எண்ணோடு தங்கிவிட்டது. நிறத்தை வைத்து விலக்குவதாகச் சொல்லிவிட்டு, இதை எண்ணை வைத்துக் காப்பாற்றினேன். (வெளுத்ததும் முழுச் சாட்சி இல்லை. துகள் சுவரிலேயே ஒட்டியிருக்கலாம். நுண்குழாய்களைத் தனியே பிரித்து அளக்கும் முறை 1990-லேயே வந்துவிட்டது, நாங்கள் செய்யவில்லை.)

இப்போது நிறத்தை வேறொருவர் பார்த்து, சாம்பிள் மெஷினுக்குப் போகுமுன் எழுதிவைக்கிறார். நல்ல ஏற்பாடுதான். பழைய கணக்குக்கு அது உதவாது.

அந்த ஒன்றையும் நீக்கியிருந்தால் இடைவெளி கொஞ்சம் விரிந்திருக்கும், அவளுக்குச் சாதகமாக. அதற்காகத்தான் கேட்கிறாள் என்று அப்போது எனக்குத் தோன்றியது. இருக்கலாம். அதனால் அவள் கேட்டது தப்பாகிவிடாது. கறாரானவன் என்ற பேரை நான் அதற்குள் வாங்கியிருந்தேன். என் பதில் யாருக்குச் சாதகம் என்று அவள் திருப்பிக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ.