ஓலையில் எழுந்த பெயர்கள்: ஒரு பேய்ப்பட டைட்டில் உருவான விதம்

பேய்ப் படத்தின் டைட்டிலில், அதாவது தொடக்கத்தில் பெயர்கள் வரும் பகுதியில், பேயைக் காட்டக் கூடாது என்று எங்கள் குழு தொடக்கத்திலேயே முடிவு செய்தது. காட்சித் தொடர்பியல் இரண்டாம் ஆண்டுப் பயிற்சி அது. எடுக்கப்படாத ஒரு படத்துக்கு ஒன்றரை நிமிட டைட்டில் செய்ய வேண்டும். நாங்கள் எழுதிக்கொண்ட கதை இவ்வளவுதான்: பூட்டிக் கிடந்த வீட்டில் ஒரு பழைய சுவடிக்கட்டு கிடைக்கிறது, அதில் இன்று உயிரோடு இருப்பவர்களின் பெயர்கள் இருக்கின்றன.

1960இல் வந்த ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ படத்துக்கு வடிவமைப்பாளர் சால் பாஸ் செய்த டைட்டிலைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். நகரும் கோடுகள், பெயர்கள், தந்தி வாத்தியங்களை மட்டுமே கொண்டு பெர்னார்ட் ஹெர்மன் அமைத்த இசை; வேறெதுவும் இல்லை. ரத்தமும் முகமும் இல்லாமல் பயமுறுத்தலாம் என்ற துணிவு அங்கிருந்துதான் வந்தது.

முதலில் கணினியில் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தோன்றவைக்கப் பார்த்தோம். எங்களிடம் இருந்த மென்பொருள் ‘கொ’வைப் பிய்த்தது, கொம்பும் ககரமும் காலும் தனித்தனியே வந்து விழுந்தன. பெயர்களை ஆங்கிலத்தில் போடலாம் என்றார் ஒருவர். எனக்குச் சம்மதமில்லை. சுவடியைப் பற்றிய கதைக்குத் தமிழெழுத்துதானே முகம்? அந்த விவாதத்தில்தான் நிஜ ஓலையிலேயே எழுதும் யோசனை பிறந்தது.

எழுத்தாணியால் கீறிய எழுத்து ஓலையில் எளிதில் தெரியாது. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித் துடைத்தால் கீறல்களில் மட்டும் மை தங்கி எழுத்து எழும். மையாடல் என்பார்கள். வெற்று ஓலையை ஒரு விரல் தடவிச் செல்ல, அதன் பின்னே ஒரு பெயர் கறுத்து எழுவதைவிட இந்தக் கதைக்கு வேறென்ன வேண்டும்! பழைய சுவடிகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இருக்காது. நாங்கள் வைத்தோம், பெயரைத் தடுமாறாமல் படிக்க வேண்டுமே.

காட்சிகளை முன்கூட்டியே வரைந்து வைத்த ஸ்டோரிபோர்டு படங்களை எடிட்டிங் டைம்லைனில் அடுக்கி ஓட்டிப் பார்த்தது பெரிய உதவி. பெயர் எழும் நேரம் வேறு, அதைப் படிக்கும் நேரம் வேறு. முழுதாக எழுந்த பிறகு இரண்டு நொடிகள், அதாவது நொடிக்கு 24 என்ற கணக்கில் 48 பிரேம்கள், அது அசையாமல் நிற்க வேண்டும் என்று வகுத்துக்கொண்டோம். அந்தக் கணக்கில் மாடிப்படி, வௌவால் ஷாட்டுகள் எல்லாம் உதிர்ந்தன. நல்லதாகப் போயிற்று.

மை ஏறிய ஓலையை மீண்டும் வெற்று ஓலையாக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் கூடுதலாக ஓர் ஓலை கீறி வைத்தோம். விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டில் வைத்தபோது மை தொடும் முன்பே கீறல்கள் மின்னி ரகசியம் வெளிப்பட்டது. சற்று உயர்த்தியதும் ஓலை வெறுமையானது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் கேமராவின் ஷட்டரை 1/50 நொடியில் வைத்தோம். இல்லையென்றால் சில எல்இடி விளக்குகளில் காட்சியில் பட்டைகள் ஓடும்.

இரும்பு முனை ஓலையைக் கீறும் ஓசையை, மின்விசிறியை நிறுத்திவிட்டு, மிக அருகிலிருந்து பதிவுசெய்தோம். வேகத்தைக் குறைத்ததும் யாரோ மூச்சிழுப்பதுபோல் ஒலித்தது. தனியாக இசை தேவைப்படவில்லை. படத்தின் பெயர் எழும் இடத்தில் அந்த ஓசையையும் நிறுத்தினோம். அரங்கில் அப்போது யாரும் அசையவில்லை. எனக்கு மிகப் பிடித்த நொடி அதுதான்.

அதற்கு முந்தைய ஒத்திகையில், லேப்டாப்பில் தெளிவாகத் தெரிந்த விரல் கல்லூரிப் புரொஜெக்டரில் இருளோடு கலந்துவிட்டது. நிழல் பகுதிகளைச் சற்று வெளிச்சமாக்கிப் புதிய கோப்பு எடுத்தோம். இருட்டான டைட்டில் செய்பவர்கள், திரையிடப்போகும் திரையிலேயே ஒருமுறை ஓட்டிப் பார்த்தபின் வண்ணத் திருத்தத்தை முடியுங்கள்.