குப்பியோ நகரத்துச் செரோவை 25 சென்டிமீட்டரில் செய்து பார்த்தேன்

அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் ஓநாயைச் சாந்தப்படுத்திய கதையைக் கேட்டவர்களுக்குக் குப்பியோ என்ற ஊர்ப்பெயர் புதிதாக இராது. இத்தாலியின் உம்பிரியா மாநிலத்தில், இஞ்ஞீனோ மலையின் சரிவில் இருக்கும் அந்த ஊரின் பாதுகாவலர் பிரான்சிஸ் அல்லர். பிரான்சிஸ் பிறப்பதற்கு ஏறக்குறைய 20 ஆண்டுகளுக்கு முன்பே, 1160 மே 16 அன்று இறந்த ஆயர் உபால்தோ பால்தசீனிதான் அவ்வூருக்குக் காவல். அவருடைய திருநாளுக்கு முந்திய நாளான மே 15 அன்று, ஏறக்குறைய 5 மீட்டர் உயரமும் 300 கிலோ எடையும் உள்ள மூன்று மரக்கோபுரங்களை ஊர்க்காரர்கள் தோளில் ஏற்றிக்கொண்டு, தெருக்கள் வழியாகவும் மலைப்பாதை வழியாகவும், உச்சியிலுள்ள அவருடைய பேராலயம் வரை 4 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறார்கள். கோபுரம் ஒவ்வொன்றும் ஒரு செரோ, பன்மையில் செரி. செரோ என்றால் மெழுகுதிரி என்று பொருள். புனிதருக்குக் காணிக்கையாகக் கொண்டுபோன மெழுகு 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் மரமாக மாறிய பிறகும் பெயர் மட்டும் மாறாமல் நின்றுவிட்டது.

பல ஆண்டுகளாகத் தீக்குச்சியிலும் பால்சா மரத்திலும் கோயில், கப்பல், கலங்கரை விளக்கம் என்று மாதிரிகள் செய்துவரும் எனக்கு, இந்தச் செரோவை 1:20 அளவில் செய்ய வேண்டும் என்ற ஆசை சென்ற தை மாதத்தில் வந்தது. அளவு குறைத்துச் செய்வது மரியாதைக் குறைவாகுமோ என்ற தயக்கம் முதலில் இருந்தது. குப்பியோவிலேயே வளரிளம் பிள்ளைகளுக்கென்று நடுத்தரச் செரிகளும், ஜூன் 2 அன்று சிறுவர்கள் தூக்கி ஓடுவதற்கென்று சிறிய செரிகளும் உள்ளன என்று அறிந்தபோது அந்தத் தயக்கம் போயிற்று.

மூன்றில் எதை முதலில் செய்வது என்பதில் எனக்கு உரிமையே இல்லை என்று சொல்ல வேண்டும். ஊர்வலத்தில் புனித உபால்தோவின் செரோ முதலிலும், புனித ஜார்ஜின் செரோ இரண்டாவதாகவும், வனத்து அந்தோனியாரின் செரோ மூன்றாவதாகவும் வரும். இந்த வரிசை எந்த ஆண்டிலும் மாறாது. ஓட்டப் பந்தயம் என்று பெயர், ஆனால் ஒருவரை ஒருவர் முந்துவது கிடையாது. (மூன்றாமவர் நம் வீடுகளில் படமாகத் தொங்கும் பதுவை அந்தோனியார் அல்லர், எகிப்தின் பாலைவனத்தில் தவமிருந்தவர்.) ஆகவே கட்டடத் தொழிலாளருக்கு உரிய உபால்தோவின் செரோவில் தொடங்கினேன். வணிகருக்கு ஜார்ஜும் உழவருக்கு அந்தோனியாரும் உரியவர்கள். நகர மதிலைச் செப்பனிட வந்த கொத்தர்கள் உபால்தோவின் திராட்சைத் தோட்டத்தைப் பாழாக்கியபோது அவர் தட்டிக்கேட்டார் என்றும், மேஸ்திரி அவரை ஈரச் சாந்துக் குழியில் தள்ளிவிட்டார் என்றும், ஆயரோ தண்டனை கேட்ட மக்களை அடக்கிவிட்டு அந்த ஆளை முத்தமிட்டு அனுப்பினார் என்றும் அவருடைய வரலாறு சொல்கிறது. அவரைத் தோளில் சுமக்கும் பேறு கொத்தர்களுக்கே வாய்த்திருப்பதை நினைத்து, வேலைக்கு நடுவே பலமுறை சிரித்துக்கொண்டேன்.

செரோவின் உடல் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இரண்டு எண்கோணப் பட்டகங்கள். உள்ளே வெற்றிடம், நடுவே ஒரு மரத்தண்டு மேலிருந்து கீழ்வரை ஓடுகிறது. தண்டின் மேல்முனையில் புனிதரின் சிறிய உருவம் அமர்கிறது, கீழ்முனை சுமக்கும் கழிகளைக் கொண்ட சட்டத்துக்குள் நுழைகிறது. எண்கோணத்தை அடைக்க எட்டுப் பட்டைகள் வேண்டும், ஒவ்வொரு பட்டையின் இரு ஓரங்களையும் 22.5 பாகைச் சாய்வில் சீவ வேண்டும். எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே 30 மி.மீ. அகலம் வைத்தேன், அதற்குப் பட்டையின் அகலம் 12.4 மி.மீ. வருகிறது. கணக்கு எளிது, கை எளிதில்லை. ஓர் ஓரத்தில் அரைப் பாகை பிசகினால் பதினாறு ஓரங்களிலும் சேர்ந்து எட்டுப் பாகை பிசகி, கடைசிப் பட்டைக்கும் முதற்பட்டைக்கும் இடையே கண்ணுக்குத் தெரிகிற பிளவு விழுகிறது. முதல் இரண்டு பட்டகங்கள் இப்படியே வாயைப் பிளந்தன. மூன்றாம் முறை, சாய்வாகச் சீவிய மரக்கட்டை ஒன்றை அச்சாக வைத்து உப்புத்தாளை அதன்மேல் இழுத்துத் தேய்த்தேன். பிறகு எட்டுப் பட்டைகளையும் ஒட்டுநாடாவின்மேல் பக்கம் பக்கமாகப் படுக்கவைத்து, இடுக்குகளில் ஃபெவிகால் தடவிப் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டினேன்; பிளவு இல்லாமல் மூடிக்கொண்டது.

எடையில்தான் சரியான பாடம் கிடைத்தது. நீளம் இருபதில் ஒன்றானால் எடை எண்ணாயிரத்தில் ஒன்றாக வேண்டும். 300 கிலோவுக்கு 37.5 கிராம். என் செரோவோ தராசில் 64 கிராம் காட்டியது. காரணம் தலையில் இருந்தது. ஆயரின் உயரத் தொப்பி, பொன்னிற மேலங்கி, ஆசி வழங்கும் கை எல்லாம் தெளிவாக வர வேண்டும் என்று உபால்தோவைக் கெட்டிக் களிமண்ணில் செய்திருந்தேன். தலைக்கனத்தால் செரோ எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மீளவில்லை. காகிதக்கூழில் உள்ளீடற்ற உருவம் ஒன்று செய்து மாற்றிச் சட்டத்தையும் இழைத்தபின் எடை 41 கிராமுக்கு வந்தது. உள்ளே வெற்றிடம் விட்டதற்கான காரணத்தைப் படித்து அறிந்ததைவிட இந்த 23 கிராம் எனக்கு நன்றாக உணர்த்திற்று.

அடுத்தது ஆப்பு. மே 15 நண்பகலில், கொன்சுலர் மாளிகைக்கு முன்னுள்ள பெருஞ்சதுக்கத்தில் படுக்கவைத்த நிலையில் செரோவைச் சட்டத்தோடு பொருத்தி, மரமுளை அறைந்து இறுக்குகிறார்கள். கபோதியேச்சி எனப்படும் தலைவர் பீங்கான் குடத்திலிருந்து அந்த இணைப்பின்மேல் நீர் ஊற்றி, குடத்தைக் கூட்டத்துக்குள் வீசி எறிகிறார். மறுகணம் மூன்று செரிகளும் நிமிர்கின்றன, உடைந்த குடத்தின் சில்லுகளை நற்பேறு என்று மக்கள் பொறுக்குகிறார்கள். நீர் ஊற்றுவது சடங்கு மட்டுமே என்று எண்ணியிருந்த நான், காய்ந்த மூங்கில் முளையை அடித்துச் சொட்டுச் சொட்டாக நீர் விட்டுப் பார்த்தேன். இருபது நிமிடத்தில் முளை ஊறி, கையால் அசைக்க முடியாதபடி பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் காயவிட்டதும் முன்பைவிடத் தளர்ந்துபோயிற்று, ஏனெனில் ஊறும்போது துளைக்குள் நசுங்கிய நார்கள் திரும்ப விரியவில்லை. அன்று மாலையே மலைமேல் கழற்றிவிடப்படும் ஓர் இணைப்புக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை.

பிறகு மொட்டைமாடியில் ஓட்டம். சட்டத்தை இரு கைகளிலும் ஏந்தி நான்கு அடி வைப்பதற்குள் உபால்தோ தரையில் கிடந்தார். ஆறு முறை முயன்றும் அதே கதைதான். உயரமான பொருள் மெதுவாகச் சாய்கிறது, குட்டையானது சட்டென்று சாய்கிறது. 1:20 அளவில் விழுவதற்கு ஆகும் நேரம் நான்கரை மடங்கு குறைந்துவிடுகிறது. குப்பியோவில் செரோ சாய்வதைக் கண்டு தோள்கள் திருத்திக்கொள்ளக் கிடைக்கும் அவகாசம் என் விரல்களுக்குக் கிடைக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் மகள், “சித்தப்பா, நீங்க ஒருத்தரா தூக்குனா எப்படி? ரெண்டு பக்கமும் ஆள் வேணாமா?” என்று கேட்டாள். அங்கேயும் அப்படித்தான். கழிமுனைகளில் சுமப்போரைப் பக்கத்தில் கைகோத்து அணைத்தபடி ஓடுவதற்கென்றே ஆட்கள் உண்டு. சிறிது தொலைவுக்கு ஒருமுறை, ஓட்டம் நிற்காமலேயே, களைத்த தோள் விலகிப் புதிய தோள் நுழைகிறது. அவள் எதிர்ப்பக்கம் பிடித்ததும் மாடியின் முழு நீளத்தையும் விழாமல் கடந்தோம்.

இந்த ஓட்டத்தின் தோற்றம் கிறித்தவத்துக்கு முந்தியது என்றும், விளைச்சல் தெய்வமான செரேஸின் பெயரே செரியாயிற்று என்றும் சிலர் வாதிடுகிறார்கள். 1155இல் பேரரசன் பார்பரோசாவின் படையிடமிருந்து ஊரைக் காத்த ஆயருக்கு மக்கள் காட்டும் நன்றியே இது என்று மற்றவர் சொல்கிறார்கள். 1192இல் திருத்தந்தை மூன்றாம் செலஸ்தீன் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார், 1194இல் உடல் மலைமேல் கொண்டுசெல்லப்பட்டது. அது இன்றும் அங்கே பலிபீடத்துக்கு மேலே கண்ணாடிப் பேழையில் இருக்கிறது. செரிகள் ஏறுவது அந்த உடலைத் தேடி என்பதால், எனக்கு இரண்டாம் கட்சியே இயல்பாகப் படுகிறது.

மாதிரியை நிறுத்திவைக்கப் பீடம் ஒன்று செய்திருந்தேன். அதில் ஏற்றியதும் சதுரங்கக் காய்போல் தெரிந்தது, எடுத்துவிட்டேன். மே மாத முதல் ஞாயிறு அன்று செரிகளைப் பேராலயத்திலிருந்து கீழே கொண்டுவரும்போது படுக்கைவாட்டில்தான் தூக்கி வருவார்கள், குழந்தைகள் அவற்றின்மேல் ஏறி அமர்ந்து வருவார்கள். அலமாரியில் என் செரோவும் இப்போது படுத்திருக்கிறது.

ஜார்ஜின் செரோவுக்குப் பதினாறு பட்டைகள் சீவி முடித்துவிட்டேன். சுமப்போர் சட்டைக்கு ஏற்ப, உபால்தோவுக்கு மஞ்சள் பூசியதுபோல் இதன் சட்டத்துக்கு நீலம் பூசுவேன், அந்தோனியாருக்குக் கறுப்பு. ஜார்ஜ் குதிரைமேல் இருப்பவர். காகிதக்கூழில் அந்தக் குதிரையின் கால்கள் இதுவரை மூன்று முறை ஒடிந்திருக்கின்றன. உள்ளே செம்புக் கம்பி வைத்து நான்காவது குதிரையை நேற்று வெயிலில் வைத்திருக்கிறேன்.