குவாங்சோ வரைக்கும் போய் சுக்கு வாங்கின கதை

2023 அக்டோபர்ல கேண்டன் ஃபேர்ங்கற வர்த்தகக் கண்காட்சிக்கு சீனாவுல இருக்கற குவாங்சோ போயிருந்தப்ப மூணாவது நாளே வயிறு வேலைய காட்டிடுச்சு. கேஸ்ட்ரைட்டிஸ், அதான் இரைப்பை அழற்சி, எனக்கு ஆறு வருஷப் பழக்கம், மாத்திரை ஸ்ட்ரிப்பை மட்டும் வீட்லயே மறந்துட்டேன். நான் வயித்தைப் பிடிச்சுட்டு நிக்கறத பாத்த சப்ளையர் பொண்ணு நேரா சிங்பிங் மார்க்கெட்டுக்கு கூட்டிட்டு போயிட்டா, ஷாமியன் தீவுக்கு எதிர்ல இருக்கு, உள்ள நுழைஞ்சதும் அப்படியே நம்ம நாட்டுமருந்துக்கடை வாசனை, ஆனா மூட்டை மூட்டையா காஞ்ச கடல்குதிரையும் தேளும் வேற.

பக்கத்துல ஒரு கிளினிக். வயசான அம்மா ஒருத்தங்க நாக்கை நீட்டச் சொல்லி பாத்துட்டு, ரெண்டு கையிலயும் மூணு விரல் வெச்சு நாடி பாத்தாங்க. வலது மணிக்கட்டுல நடுவிரல் படற இடம்தான் வயித்தோட நாடியாம்.

மருந்து மொத்தம் 7 சரக்கு, ஹான் ராஜ வம்ச காலத்து வைத்தியர் ஜாங் ஜோங்ஜிங் எழுதி வெச்சது, கிட்டத்தட்ட 1800 வருஷப் பழசு. கவுண்டர்ல ஒரு பையன் காகிதம் விரிச்சு டிராயர் டிராயரா இழுத்து நிறுத்துப் போட்டான், பாத்தா சுக்கு, அதிமதுரம்! அப்புறம் ஜின்செங், சிவப்பு பேரீச்சைன்னு அவங்க சொல்ற ஒரு வகை இலந்தை, ஏதோ வேருங்க. பான்ஷியான்னு ஒரு கிழங்கு, பச்சையா தின்னா விஷம், அதனால இஞ்சி போட்டு பக்குவம் பண்ணிதான் சேக்கறாங்க, நம்ம சித்த வைத்தியத்துல சுத்தி பண்றோமே அதேதான். அவங்களே காய்ச்சி பாக்கெட்ல அடைச்சு குடுத்துட்டாங்க.

கசப்புன்னா அப்படி ஒரு கசப்பு, நிலவேம்பெல்லாம் பாயசம். ஹுவாங்லியன் வேர்தான் காரணமாம். வாயில்லாதவன் ஹுவாங்லியன் தின்ன மாதிரின்னு அங்க பழமொழியே இருக்கு, கஷ்டத்தை வெளிய சொல்ல முடியாதவனுக்கு சொல்றது, அந்தப் பொண்ணு அதைச் சொல்லிட்டு என் மூஞ்சியப் பாத்து சிரிக்கறா.

நாலு நாள்ல எரிச்சல் குறைஞ்சுது, உண்மை. ஆனா அந்த நாலு நாளும் காரமே இல்லாம வெறும் அரிசிக்கஞ்சிதான் குடிச்சேன், அதனால மருந்துக்கு எவ்ளோ மார்க் போடறதுன்னு தெரியல. ஊருக்கு வந்து டெஸ்ட் எடுத்தா ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருக்கு, 14 நாள் ஆன்ட்டிபயாடிக். கசாயத்துல அதிமதுரம்னு சொன்னதும் டாக்டர் பிடிச்சுக்கிட்டார், பிபிக்கு மாத்திரை போடறவன் அதை தினமும் குடிச்சா பிபி ஏறும்னு செம டோஸ்.

மிச்சம் மூணு பாக்கெட்டை செக்-இன் பேக்ல போட்டிருந்தேன், ஒண்ணு கிழிஞ்சு என் வெள்ளைச் சட்டை பூரா மஞ்சக்கறை. நாலு தடவை துவைச்சாச்சு, போகவே இல்ல.