இரண்டாவது மோட்டார்

மெட்ரோவில் வேலை என்றால் ரயில் ஓட்டுகிறாயா என்றுதான் கடலூரில் எல்லோரும் கேட்கிறார்கள். நான் பார்ப்பது தண்ணீரையும் காற்றையும். சென்னை அண்ணா நகர் பக்கம், வீடுகளுக்கு நடுவே இருக்கும் சுரங்க நிலையம். 2017 மே மாதம் திருமங்கலத்துக்கும் நேரு பூங்காவுக்கும் இடையே திறந்தார்களே, தமிழகத்தின் முதல் சுரங்க மெட்ரோ தடம், அதில் ஒன்று.

மஞ்சக்குப்பம் வீட்டுக்கு லீவில் வரும்போது பெரியப்பா மட்டும்தான் சரியான கேள்வி கேட்பார். நெய்வேலி சுரங்கத்தில் பம்ப் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவர். அங்கே பழுப்பு நிலக்கரிக்கு அடியில் ஊற்றுத் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கிறது. இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கத்தின் தரை தாங்கும்.

"ஊறுற தண்ணி எங்கடா போவுது?" என்றார்.

நிலையம் கட்டும்போது முதலில் சுற்றிலும் கான்கிரீட் சுவரை ஆழமாக இறக்கிவிட்டு, அப்புறம்தான் நடுவில் மண்ணை அள்ளுகிறார்கள் என்றேன். ஆனாலும் நிலத்தடி நீர் நிலையத்தை மேலே தூக்கத்தான் பார்க்கும். காலிக் குடத்தைத் தண்ணீரில் அழுத்தினால் கையைத் தள்ளுமே, அந்த மாதிரி. கட்டடத்தின் எடையும், அந்தச் சுவரும், மேலே மூடிய மண்ணும் சேர்ந்துதான் அதை அடக்கிவைக்கின்றன. எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் சுரங்கத்தில் கொஞ்சம் கசியும். கசிவும், தரை கழுவிய தண்ணீரும், படிக்கட்டில் வந்த மழையும் சரிவு பார்த்து ஓடித் தாழ்வான தொட்டியில் சேரும். அங்கிருந்து பம்ப் மேலே தள்ளும்.

அந்தத் தொட்டிதான் என் உலகம். ராத்திரி கடைசி வண்டி போன பிறகு மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பேன். மிதவை சுவிட்சில் சேறு அப்பியிருக்கும். தலைமுடி, நூல், பாலித்தீன் துண்டு எல்லாம் சுற்றிக்கொண்டிருக்கும். மிதவை மாட்டிக்கொண்டால் நீர்மட்டம் ஏறினாலும் பம்ப் ஓடாது. விசிறியில் குப்பை சிக்கினால் மோட்டார் சத்தம் கனத்துப்போகும். மீட்டரைப் பார்க்குமுன் காது சொல்லிவிடும். இதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் கற்றுத் தர முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

காற்று வேலை வேறு மாதிரி. நடைமேடையில் கண்ணாடிக் கதவு இருப்பதால் ஏசிக் குளிர்ச்சி சுரங்கத்துக்குள் போய் வீணாவதில்லை. சுரங்கத்துக்குத் தனியாகப் பெரிய மின்விசிறிகள். புகை வந்தால் ஒரு முனையில் காற்றை உள்ளே தள்ளி, மறுமுனையில் இழுக்க வேண்டும். ஜனங்கள் எந்தப் பக்கம் நடக்கிறார்களோ, அதற்கு எதிர்ப்பக்கம் புகை போக வேண்டும். திசை மாறினால் உயிர் போகும் விஷயம் இது.

பெரியப்பாவுக்குக் காற்றில் அவ்வளவு ஈடுபாடில்லை. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது எங்கள் ஊரில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அதை நினைத்தோ என்னவோ, "மோட்டார் எத்தினி?" என்றார்.

"ஒண்ணு ஓடும், ஒண்ணு ஸ்டாண்ட்பை பெரியப்பா. கரண்ட் போனா ஜெனரேட்டர்."

"சும்மா இருக்குற மோட்டார கடைசியா எப்ப ஓட்டுன?"

மாற்றி மாற்றித்தான் ஓட்டுகிறோம், தேதியோடு ரிஜிஸ்டரில் எழுதுகிறோம் என்று சொன்ன பிறகுதான் தலையாட்டினார். இப்போது புதிதாக ஷிப்டுக்கு வரும் பையன்களிடம் நான் முதலில் கேட்பதும் அந்தக் கேள்விதான்.