பூகாவில் இரண்டு லிட்டர் வெந்நீர் எடுக்க இரண்டு பயணம்

ஜூன் மாதமே முடிந்திருக்க வேண்டிய வேலை, செப்டம்பர் கடைசியில்தான் முடிந்தது. நடுவில் ஒரு பயணம் முழுக்க வீண். இதே வேலைக்கு அடுத்து லடாக் போகிறவர்களாவது அலையாமல் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

நான் வேலை பார்ப்பது ஒரு சுரங்க நிறுவனத்தில், நீர், பாறை வேதியியல் பார்க்கும் பிரிவில். தாதுவுக்குத் துளை போட்டே பழகிய நிறுவனம். இப்போது அதே இயந்திரங்களையும் ஆட்களையும் வைத்துப் புவிவெப்பத்தில், அதாவது பூமிக்கு அடியில் இருக்கும் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும் வேலையில், இறங்கலாமா என்று பார்க்கிறார்கள். இந்தியாவில் அதற்கு முதலில் நினைவுக்கு வருகிற இடம் லடாக்கின் பூகா பள்ளத்தாக்கு. கடல்மட்டத்திலிருந்து சுமார் 4,400 மீட்டர். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1970-களிலேயே அங்கே துளை போடத் தொடங்கி, மொத்தம் 34 துளைகள் போட்டது. அதிக ஆழம் 385 மீட்டரை ஒட்டித்தான். அதற்கே அடியில் 140 டிகிரி வரை கிடைத்தது. இன்னும் கீழே 200 டிகிரிக்கு மேல் இருக்கும் என்பது தண்ணீரின் வேதியியலை வைத்துப் போட்ட கணக்கு. அந்தக் கணக்கை நாங்களே ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும், அதற்கு ஊற்றுத் தண்ணீர் மாதிரி வேண்டும். கேட்க எவ்வளவு சின்ன வேலை!

முதல் அடி டெல்லியிலேயே விழுந்தது. மாதிரி நீரில் சில சொட்டு நைட்ரிக் அமிலம் விட்டால்தான் கரைந்திருக்கும் உலோகங்கள் பாட்டிலின் சுவரில் ஒட்டாமல் இருக்கும். எங்கள் ஸ்டோரில் பெட்டி கட்டியவர் அந்த அமில பாட்டிலையும் உள்ளே வைத்துவிட்டார். நைட்ரிக் அமிலம் விமானத்தில் ஏறவே ஏறாது. பெட்டியைத் திறக்கச் சொல்லி, விளக்கம் எழுதி வாங்கி, அமிலத்தை அங்கேயே ஒப்படைத்து முடிப்பதற்குள் லே விமானம் போய்விட்டது. மதியத்துக்கு மேல் அங்கே காற்று வலுத்துவிடும் என்பதால் லே விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான். ஒரு நாள் போச்சு. பெட்டியை யார் கட்டினாலும் சரி, கடைசியாக ஒருமுறை நீங்களே திறந்து பாருங்கள்.

லேயில் இறங்கியதும் உதவிக்கு என் கூட வந்த பையனின் போன் செத்துவிட்டது. வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் எடுக்காது, போஸ்ட்பெய்ட்தான் வேலை செய்யும். தெரிந்த விஷயம்தான், அவனிடம் சொல்ல மறந்தது என் தப்பு. சாட்டிலைட் போன் கொண்டு போகலாமே என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றம்.

இதெல்லாம் தாங்கக்கூடியது. உண்மையான அடி அனுமதியில். சுற்றுலா போகிறவர்கள் கட்டணம் கட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். தண்ணீர் மாதிரி எடுக்கத் தனி அனுமதி வேண்டும், சாங்தாங் சரணாலயப் பகுதி என்பதால் வனவிலங்குத் துறைக்கும் ஒரு நகல் போக வேண்டும் என்றார்கள். இரண்டு மாதம் முன்னாடியே மனு அனுப்பியிருந்தோம். அலுவலகத்தில் போய்க் கேட்டால் அப்படி ஒரு மனுவே இல்லை. ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசை, அங்கிருந்து மாடி, மாடியிலிருந்து மறுபடி கீழே. மூன்றாம் நாள் ஒரு குமாஸ்தா எங்கிருந்தோ அதை எடுத்து வந்தார். சுரங்கக் குத்தகை கேட்டு வந்த மனுக்களோடு கட்டி வைத்திருந்தார்கள்!

காரணம் எங்கள் லெட்டர்ஹெட். பெரிய எழுத்தில் நிறுவனத்தின் பெயர், அதற்குள்ளேயே 'சுரங்கம்', 'கனிமம்' இரண்டும் இருக்கிறது. கீழே பூகா என்று ஊர்ப்பெயர். வெங்காரத்துக்கும் கந்தகத்துக்கும் பழைய காலத்திலிருந்தே பேர்போன இடம் அது. நம் ஊர்த் தட்டார்கள் பொடி வைத்து ஊதுவார்களே, அந்த வெங்காரம்தான். பள்ளத்தாக்கில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். ஒரு சுரங்க கம்பெனி பூகாவுக்கு அனுமதி கேட்டால் வேறு எதற்கு என்று நினைப்பார்கள்? "தண்ணீர்தான் சார் வேண்டும், இரண்டு லிட்டர்" என்று எத்தனை முறை சொல்லியும் அவர் முகம் மாறவில்லை. சுரங்க மனு என்றால் அதற்கான படிவம் வேறு, தண்ணீர் என்றால் புதிதாக எழுதிக் கொடுங்கள், இன்னொன்று, ஊர்க்காரர்களின் சம்மதம் எங்கே என்றார். எங்களிடம் இல்லை. திரும்பிவிட்டோம். திரும்பி வரும் விமானத்தில் பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கும் பேச ஒன்றும் இல்லை.

அந்தக் குமாஸ்தா மேல் அன்றைக்கு இருந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. மனுவைத் திறந்து இரண்டாவது பத்தியைப் படித்திருந்தால் முடிந்திருக்கும். ஆனால் ஊர்ச் சம்மதம் கேட்டது நியாயம். பூகாவில் மின்சாரம் எடுத்துப் பார்க்க 2021-இல் அரசு எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசி ஒப்பந்தம் போட்டது. 2022 ஆகஸ்ட்டில் துளையிடும் வேலையின்போது வெளியேறிய திரவம் பூகா ஓடையில் கலந்து, வேலையை நிறுத்தி வைக்க வேண்டி வந்தது. அந்த ஓடைக் கரையில்தான் சாங்பா மக்களின் பஷ்மினா ஆடுகள் மேய்கின்றன. இதைச் செய்தியில் படித்திருந்தும், ஊரில் போய் முதலில் பேச வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இரண்டாவது முறை எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தோம். அமிலத்தைத் தரைவழியாக முன்கூட்டியே அனுப்பினோம். மனுவின் முதல் வரியிலேயே 'துளை இல்லை, தோண்டல் இல்லை, தண்ணீர் மட்டும், இரண்டு லிட்டர்' என்று எழுதினோம். முக்கியமாக, அலுவலகத்துக்குப் போகும் முன்பே ஊர்த் தலைவரைப் பார்த்தோம். அங்கே கோபா என்பார்கள். எங்கள் டிரைவர்தான் மொழிபெயர்த்தார். வெண்ணெய்த் தேநீர் கொடுத்துவிட்டு கோபா கேட்டது ஒன்றே ஒன்று: ஊற்றுத் தண்ணீரைச் சோதிக்கிறீர்கள், ஆடு குடிக்கிற ஓடைத் தண்ணீரையும் சேர்த்துச் சோதிப்பீர்களா, முடிவை எங்களுக்குத் தருவீர்களா? தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அங்கேயே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த ஒற்றைத் தாளைக் கொண்டுபோய் வைத்த அன்றே மதியம் அனுமதி கையில் வந்துவிட்டது.

உடம்பு விஷயத்தில் அவசரப்படாதீர்கள். லேயில் இரண்டு முழு நாள், வழியில் சுமதாங் என்ற ஊரில் ஒரு ராத்திரி, அப்புறம்தான் பூகா. தலைவலி வந்தவரை அங்கேயே படுக்க வைக்காமல் கீழே இறக்கிவிட வேண்டும். டீசலை லேயைத் தாண்டியதும் வரும் காரு என்ற ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். சாலை நன்றாகவே இருக்கிறது.

ஊற்றுக்குப் பக்கத்தில் ஒரு கம்பால் தட்டித் தட்டிப் போங்கள். மேலே வெள்ளையாகக் காய்ந்த மேலோடு, அடியில் கொதிக்கும் சேறு. வெப்பமானியை விட்டதும் 84 டிகிரி காட்டியது. அந்த உயரத்தில் தண்ணீர் கொதிப்பதே 85-ஐ ஒட்டித்தான்.

இங்கே ஒரு விஷயத்தை யாரும் விட்டுவிடக் கூடாது. ஆழத்தில் எவ்வளவு சூடோ அவ்வளவு சிலிக்கா (மணலில் இருக்கும் அதே பொருள்) பாறையிலிருந்து தண்ணீரில் கரைந்திருக்கும். அதை அளந்துதான் அடி வெப்பத்தைக் கணக்கிடுகிறோம். பாட்டில் ஆறினால் சிலிக்கா திரண்டு ஒதுங்கிவிடும், ஆய்வகத்தில் அளவு குறைவாகக் காட்டும், 200 டிகிரி ஊற்று சாதாரண ஊற்றாகத் தெரியும். அதனால் அந்த இடத்திலேயே 10 மில்லி மாதிரியை 90 மில்லி வடிநீரில் (காய்ச்சி வடித்த சுத்த நீர்) கலந்துவிட வேண்டும், நீர்த்துப் போனால் சிலிக்கா திரளாது.

மறுநாள் இன்னும் நான்கு ஊற்றுகள் பாக்கி. காலையில் பார்த்தால் ஜீப்பில் வைத்த வடிநீர் கேன் கல்லாக உறைந்து கிடந்தது. வெயில் ஏறி உருகுவதற்குள் பாதி நாள் போய்விடும். பையன்தான் கேனை இறுக மூடி, ஊற்றிலிருந்து வழிந்தோடும் வாய்க்காலில் கயிறு கட்டி இறக்கினான். இருபது நிமிடத்தில் உருகிவிட்டது. கைதட்டினேன். நிரம்ப மூடிய பாட்டில்கள் உறைந்தால் வெடித்துவிடும், அதனால் ஐசோடோப்புச் சோதனைக்கு (தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பார்க்கும் சோதனை) எடுத்தவற்றைத் தூங்கும் பையில் காலடியில் போட்டுக்கொண்டு படுத்தோம்.

திரும்பும்போது விமானத்தை நம்பவில்லை. மாதிரிகளைக் கூடவே வைத்துக்கொண்டு மணாலி வழியாகக் காரில் இறங்கினோம். ஒரு பாட்டில்கூட உடையவில்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் அயனிகளின் நேர், எதிர் மின்னேற்றம் சமமாக இருக்க வேண்டும்; ஆய்வக முடிவில் அந்தக் கணக்கு வித்தியாசம் 5 சதவீதத்துக்குள் நின்றது. மாதிரி எடுத்ததில் தப்பில்லை என்று நெஞ்சுக்குத் தெரிந்தது அப்போதுதான்.

ஓடைத் தண்ணீரின் முடிவைத் தனியாக ஒரு பக்கத்தில் இந்தியில் எழுதி வைத்திருக்கிறேன். பனி விலகியதும் கோபாவிடம் நானே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். அந்தத் தாளில் எங்கள் லெட்டர்ஹெட் இல்லை.