நெஞ்சு வலி என்று ஆரம்ப சுகாதார நிலையம் போனேன்

கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு ஏறி, வண்டன்மேட்டு ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுகிறேன். முந்தின நாள் சாயங்காலம் இடது மார்பில் பிடித்த வலி விடிந்தும் விடவில்லை. வாயுப் பிடிப்பு என்றார்கள் வீட்டில். அப்பா 52 வயதில் மாரடைப்பில் போனவர், எனக்கு 49.

ஓபி சீட்டு வரிசையில் 'நெஞ்சு வலி' என்று வாயைத் திறந்ததுமே நர்ஸம்மா உள்ளே கூட்டிப்போய்ப் படுக்கவைத்து ஈசிஜி எடுத்துவிட்டார். பேர், ஊர் எல்லாம் அப்புறம்தான்.

"இதுல ஒண்ணும் தெரியலண்ணே. ஆனா அடைப்பு இருந்தும் முதல் ஈசிஜி நார்மலா வரலாம்" என்ற டாக்டரம்மா, கேள்விகளை ஆரம்பித்தார். மேடு ஏறினால் கூடுகிறதா, உட்கார்ந்தால் குறைகிறதா? தாடைக்கோ கைக்கோ பரவுகிறதா? வேர்த்ததா? சாப்பிட்டுப் படுத்தால் எரிகிறதா? காய்ச்சல், இருமல்? நடந்தால் எனக்கு ஒன்றும் இல்லை. கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை இழுத்து ஒடிக்கும்போதுதான் சுருக்கென்றது. எங்கே என்றார், ஒரு விரலால் தொட்டுக் காட்டினேன். இதய வலி வந்தவர்கள் பெரும்பாலும் உள்ளங்கையையோ முஷ்டியையோ நடுநெஞ்சில் வைத்துக் காட்டுவார்களாம். அப்புறம் நெஞ்செலும்போடு விலா சேரும் இடங்களை ஒவ்வொன்றாக அமுக்கிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் துள்ளிவிட்டேன். அதே வலி!

அதோடு விடுவார் என்று பார்த்தால், இல்லை. அமுக்கினால் வலிப்பது நல்ல அறிகுறிதான், ஆனால் அதை மட்டும் வைத்து இதயத்தை ஒதுக்க முடியாது என்றார். அப்பா கதையும் அன்றைக்கு 150/96 காட்டிய பிரஷரும் அவரை உறுத்தின. உட்காரவைத்து இன்னொரு ஈசிஜி எடுத்தார். அதில் மாறுதல் இருந்திருந்தால், 2023-இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டப்படி ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டேட்டின் 8 என்று 14 மாத்திரையை அங்கேயே விழுங்கவைத்து 108-இல் ஏற்றியிருப்பார்கள். மாறுதல் இல்லை.

அடுத்து ட்ரோபோனின் பார்க்க அரசு மருத்துவமனைக்குச் சீட்டு. இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கசியும் புரதம் அது. வலி வந்த உடனே தெரியாது, சில மணி நேரம் ஆகும். எனக்கு ஒரு ராத்திரியே போயிருந்ததால் அந்தச் சோதனையை நம்பலாம் என்றார். "ஜீப்பை நீங்க ஓட்டக் கூடாது" என்று வேறு கண்டிப்பு. தம்பி ஓட்டினான், அவன் கியர் மாற்றும் லட்சணத்தில்தான் நிஜமாகவே நெஞ்சு அடைத்தது.

ட்ரோபோனின் நெகட்டிவ். விலாக் குருத்தெலும்பு அழற்சி என்று முடிவானது. பாராசிட்டமால், வெந்நீர் ஒத்தடம்; சரியாகச் சில வாரம் ஆகலாம். வேர்வையோ மூச்சுத் திணறலோ சேர்ந்தால் நேரே 108. பிரஷரை மறுபடி பார்க்க வரச் சொல்லியிருக்கிறார். ஸ்டீயரிங் பாக்ஸை மாற்றித் தரச் சொன்னேன். ஏலக்காய் விலை ஏறட்டும் என்கிறார் ஓனர்.